பிறைக்கு முன்பே வந்துவிடும் பெருநாள்

ரமளான் 20ஐத் தாண்டியதும் நம் ஊர்களில் இரண்டு கூட்டங்களைக் காண்கிறோம். ஒன்று பள்ளிவாசலில் இருக்கும் கூட்டம். அது நாளுக்கு நாள் குறைகிறது. மற்றொன்று கடைத்தெருவில் இருக்கும் கூட்டம். அது நாளுக்கு நாள் பெருகுகிறது. முதல் நாள் தராவீஹுக்கு உள்ளே இடமில்லாமல் வெளியில் பாய் விரித்துத் தொழுத அதே பள்ளியில், 23ஆம் இரவு பின்வரிசைகள் காலியாகக் கிடக்கின்றன. சென்னையில் தியாகராய நகரும் புரசைவாக்கமும், மதுரையில் விளக்குத்தூண் பகுதியும், திருச்சியில் என்.எஸ்.பி. சாலையும் இரவு வெகுநேரம் வரை நம்மவர்களால் நிரம்பி வழிகின்றன.

முன்பெல்லாம் இந்தக் கூட்டம் கடைசிச் சில நாட்களில்தான் சேரும். இப்போது அதற்கும் பொறுமையில்லை. ஷஅபான் மாதத்திலேயே 'ரமளான் தள்ளுபடி' பதாகைகள் தொங்குகின்றன. நோன்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே 'ஈத் கலெக்‌ஷன்' விளம்பரங்கள் கைபேசியில் வந்து விழுகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் உறவுகளைக் கேட்டால், நோன்பு மாதத்திலேயே வணிக வளாகங்களில் 'ஹரி ராயா' பாடல்கள் ஒலிப்பதைச் சொல்வார்கள். சிங்கப்பூர் கேலாங் செராயில் பெருநாள் விளக்கு அலங்காரமும் இரவுச் சந்தையும் நடப்பதே நோன்பு மாதத்தில்தான். பெருநாள் என்பது ஷவ்வால் முதல் நாள். ஆனால் கடைத்தெருவில் அது ரமளானின் நடுவிலேயே பிறந்துவிடுகிறது.

இதைப் பார்த்து மனம் வருந்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தை வாய்விட்டுச் சொன்னால், "அப்படியானால் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை எடுக்கக் கூடாதா? வருடத்தில் இரண்டு பெருநாள்தானே?" என்ற கேள்வி உடனே வருகிறது. நியாயமான கேள்வி. எனவே கோபப்படாமல், மார்க்கம் இதில் எதை அனுமதிக்கிறது, எங்கே எல்லை வகுக்கிறது, நாம் எதை இழக்கிறோம், அதைத் தவிர்க்க என்ன வழி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெருநாள் மகிழ்ச்சி மார்க்கம் தந்ததே

பெருநாளில் மகிழ்வதும் அழகாக உடுத்துவதும் மார்க்கத்துக்குப் புறம்பானவை அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் இரண்டு நாட்களை விளையாட்டுக்கும் கொண்டாட்டத்துக்கும் உரியவையாக வைத்திருந்தார்கள். அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை, அதாவது நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும், அல்லாஹ் பகரமாகத் தந்திருப்பதாக நபியவர்கள் அறிவித்தார்கள். இதை அனஸ் (ரலி) அறிவிக்க அபூதாவூதில் காண்கிறோம்.

பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் மனம் நிறையும்வரை பார்த்து மகிழ நபியவர்கள் துணை நின்றார்கள். வீட்டில் சிறுமியர் பாடியபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டிக்க, இது நமக்குப் பெருநாள் என்று சொல்லி நபியவர்கள் அவர்களை விட்டுவிடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் சந்தையில் விற்ற ஒரு பட்டு அங்கியைக் கொண்டுவந்து, பெருநாளுக்கும் தூதுக்குழுக்களை வரவேற்கவும் இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நபியவர்களிடம் கூறினார்கள். பட்டு என்பதால்தான் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. பெருநாளுக்காக நல்ல ஆடை தேடும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இந்த ஹதீஸை அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆகவே புத்தாடை, அத்தர், மருதாணி, வட்டிலப்பம், பெருநாள் காசு எதையும் நாம் குறை சொல்லவில்லை. நம் கவலை கொண்டாட்டத்தைப் பற்றியது அல்ல. அதன் நேரத்தைப் பற்றியது.

எல்லை வகுத்த மார்க்கம்

வணக்கங்களுக்கு நேரம் குறிப்பதில் இஸ்லாம் மிகவும் கண்டிப்பானது. தொழுகைக்கு நேரம் உண்டு. நேரம் வருவதற்கு முன் தொழுதால் அது நிறைவேறாது. நோன்பு துறக்கச் சூரியன் மறைய வேண்டும்; ஒரு நிமிடம் முன்னால் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் பகல் முழுக்க இருந்த நோன்பு போய்விடும்.

மாதங்களுக்கும் இதே கண்டிப்புதான். பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பிறை பார்த்து நோன்பை விடுங்கள் என்பது நபிவழி. பிறை விஷயத்தில் நாம் எந்த ஜமாஅத்தின் முடிவைப் பின்பற்றினாலும், ரமளானுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரமளான் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே நோன்பு வைத்து அதை முந்தக் கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள். வழக்கமாக அந்த நாளில் நோன்பு வைப்பவருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். நோன்பு எவ்வளவு பெரிய வணக்கம்! ஆர்வத்தால்கூட அதை ஒரு நாள் முன்னால் இழுக்க அனுமதி இல்லை.

மறுபக்கமும் அப்படித்தான். பெருநாள் அன்று நோன்பு வைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன் நபியவர்கள் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புவார்கள். நோன்புக்காலம் முடிந்துவிட்டது, இது வேறு நாள் என்பதை அந்தச் செயலே காட்டுகிறது. நோன்புக்கு உரிய நாளில் நோன்பு. பெருநாளுக்கு உரிய நாளில் பெருநாள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க மார்க்கம் இடம் தரவில்லை.

முந்திக்கொண்ட ஒரு நபித்தோழர்

பெருநாளை முந்திக்கொள்ளும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. நபியவர்களின் காலத்திலேயே அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் தாய்மாமா அபூபுர்தா பின் நியார் (ரலி). ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் அவர் தொழுகைக்கு முன்பே தம் ஆட்டை அறுத்துவிட்டார். இன்று உண்டு பருகும் நாள், என் வீட்டு ஆடுதான் முதலில் அறுக்கப்பட வேண்டும் என்று விரும்பினேன் என்பது அவர் சொன்ன காரணம். தம் குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் அதிலிருந்து உணவும் அளித்திருந்தார். நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஆனாலும் நபியவர்கள் அதைக் குர்பானியாக ஏற்கவில்லை. அது வெறும் இறைச்சிக்கான ஆடு என்று சொல்லிவிட்டு, வேறொரு பிராணியை அறுக்கச் சொன்னார்கள்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து எத்தனையோ சட்டங்களை அறிஞர்கள் எடுத்திருக்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். அதே ஆடு, அதே கத்தி, அதே நல்ல எண்ணம். நேரம் மட்டும் முந்திவிட்டது. வணக்கமாக இருக்க வேண்டியது இறைச்சியாக மட்டும் நின்றுவிட்டது. கடைத்தெருவில் நாம் வாங்கும் துணிக்கும் இதே சட்டம் பொருந்தும் என்று சொல்லவரவில்லை. ஆனால் பெருநாளுக்குப் பெருநாள் என்ற தகுதியைத் தருவது அதன் நேரம்தான் என்பதை இந்த ஹதீஸ் நன்றாக உணர்த்துகிறது.

எந்த இரவுகளை விற்கிறோம்?

வருடத்தின் எல்லா இரவுகளும் ஒன்றுபோல இருந்திருந்தால், பத்து இரவுகள் கடைத்தெருவில் போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ரமளானின் கடைசிப் பத்து அப்படிப்பட்டதல்ல. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த ஓர் இரவு இருக்கிறது என்று குர்ஆனின் 97ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. ஆயிரம் மாதங்கள் என்றால் 83 ஆண்டுகள் 4 மாதங்கள். ஒரு மனிதனின் முழு ஆயுள். அந்த இரவைக் கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடும்படி நபியவர்கள் சொன்னார்கள்.

கடைசிப் பத்து வந்துவிட்டால் நபியவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு இரவுகளை உயிர்ப்பிப்பார்கள், தம் குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒவ்வொரு ரமளானிலும் இந்தப் பத்து நாட்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தார்கள். வஃபாத்தான ஆண்டில் 20 நாட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு அவர்களின் துணைவியரும் இஃதிகாஃப் இருந்தார்கள்.

இந்த வழிமுறையில் 'குடும்பத்தாரை எழுப்புதல்' என்ற பகுதியைக் கவனியுங்கள். இன்றும் கடைசிப் பத்தில் நாம் குடும்பத்தாரை இரவில் வெகுநேரம் விழிக்க வைக்கத்தான் செய்கிறோம். ஆனால் அந்த விழிப்பு எதற்காக?

ஒரு சராசரிக் குடும்பத்தின் அலைச்சலைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாள் துணி எடுக்க. அளவு சரியில்லாததை மாற்ற இன்னொரு நாள். செருப்பு, தொப்பி, கைலி வாங்க ஒரு நாள். வளையல், மருதாணி, பெண்பிள்ளைகளின் இதர சாமான்களுக்கு ஒரு நாள். மளிகைக்கும் பலகாரச் சாமானுக்கும் ஒரு நாள். ஐந்து நாட்கள். கடைசிப் பத்தில் ஒற்றைப்படை இரவுகளும் ஐந்துதான்: 21, 23, 25, 27, 29.

அதோடு முடிவதில்லை. கடைத்தெருவில் நள்ளிரவு வரை அலைந்தவர் வீடு திரும்பிப் படுத்தால், ஸஹருக்கு எழுவதே பெரும்பாடு. தஹஜ்ஜுத் போய்விடுகிறது, சில வீடுகளில் சுப்ஹும் போய்விடுகிறது. மறுநாள் நோன்பு களைப்பில் தூக்கமாகக் கழிகிறது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் 27ஆம் இரவு மட்டும் கூட்டம் நிரம்புகிறது. தமாம் முடிந்து நார்சாவும் வாங்கியாகிவிட்டால் பலருக்கு ரமளானே முடிந்துவிட்ட உணர்வு. 29ஆம் இரவும் ஒற்றைப்படை இரவுதான் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோகிறது.

இதில் அதிகம் இழப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். பகலில் நோன்போடு அடுப்படி வேலை, கஞ்சி, இஃப்தார் ஏற்பாடு. இரவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடைத்தெரு. பெருநாள் நெருங்கியதும் பலகாரம். அவர்கள் கைகளில் குர்ஆனை எடுத்து உட்கார ஒரு மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. நம் அவசரத்தின் விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

வணிகம் ஏன் முந்துகிறது?

இது நம் சமுதாயத்தில் மட்டும் இருக்கும் நோய் அல்ல. பண்டிகை எங்கெல்லாம் வியாபாரப் பருவமாக மாறுகிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்.

அமெரிக்காவில் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையை 'நன்றி தெரிவிக்கும் நாள்' என்று கொண்டாடி வந்தார்கள். அது முடிந்த பிறகே கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்கும் என்பது வழக்கம். 1939இல் அந்த மாதத்தில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கடைசி வியாழன் 30ஆம் தேதி. வியாபார நாட்கள் குறைந்துவிடும் என்று பெரிய அங்காடிக்காரர்கள் முறையிட்டார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் அந்த நாளை ஒரு வாரம் முன்னால், 23ஆம் தேதிக்கு நகர்த்தினார். சில மாநிலங்கள் புதிய தேதியிலும், சில மாநிலங்கள் பழைய தேதியிலும் கொண்டாடின. குழப்பம் நீடித்ததால் 1941 டிசம்பரில் நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வியாபாரத்துக்காக ஒரு நாட்டின் பண்டிகைத் தேதியே நகர்ந்த வரலாறு இது.

கிறிஸ்தவ மரபில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலம் காத்திருப்புக்கும் ஆன்மிகத் தயாரிப்புக்கும் உரியது. இன்று பல நாடுகளில் அந்தக் காலமே கொண்டாட்டக் காலமாகிவிட்டது. பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாடல்கள் தொடங்கிவிடுகின்றன. காத்திருப்பு காணாமல் போனதைப் பற்றி அந்தச் சமுதாயங்களின் பக்தியுள்ளவர்களும் நம்மைப் போலவே கவலைப்படுகிறார்கள்.

நம் பெருநாளை எந்த அதிபராலும் நகர்த்த முடியாது. அது பிறையோடு கட்டப்பட்டது. பிறையை நகர்த்த முடியாத வணிகம், அதற்குப் பதிலாக நம்மை நகர்த்துகிறது.

வியாபாரிகள் பக்கத்திலும் சில காரணங்கள் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். அதனால் ரமளான் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னே வருகிறது. 2030இல் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமளானும் தொடங்கும். ஒரு வருடம் பள்ளித் தேர்வு நேரத்தில், இன்னொரு வருடம் பொங்கல் வியாபாரத்தோடு என்று பருவம் மாறிக்கொண்டே இருப்பதால் சரக்கை முன்கூட்டியே கொள்முதல் செய்ய வேண்டியிருக்கிறது. பெருநாள் 29இலா 30இலா என்பது முந்தைய மாலைவரை தெரியாது. தையற்கடைகளோ பாதி ரமளானிலேயே "இனி ஆர்டர் எடுப்பதில்லை" என்று பலகை மாட்டிவிடுகின்றன. வாங்கிய சரக்கு பெருநாளுக்கு மறுநாள் தேங்கிவிடுமே என்ற பயம் கடைக்காரருக்கு. எனவே அவர் முந்துகிறார். ஆனால் அவருடைய சரக்குக் கணக்கு நம் வணக்கத்தின் கால அட்டவணையாக மாறுவதற்கு நாம் ஏன் சம்மதிக்க வேண்டும்?

கடைக்குள் நிற்பவரும் நோன்பாளிதான்

இந்தப் பேச்சில் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். துணிக்கடையில் நாம் கேட்கும்போதெல்லாம் புடவையை விரித்துக் காட்டும் ஊழியர். தையல் இயந்திரத்தின் முன் விடியவிடிய உட்கார்ந்திருக்கும் டெய்லர். செருப்புக்கடையில் குனிந்து நிமிரும் இளைஞர். இவர்களில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்!

அவர்களும் நோன்போடு நிற்கிறார்கள். கடைக்குள்ளேயே ஒரு மூலையில் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வைத்து நோன்பு துறக்கிறார்கள். தராவீஹ் நேரம்தான் அவர்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். நாம் ஒற்றைப்படை இரவில் கடைக்குப் போனால் நம்முடைய இரவு மட்டும் போவதில்லை. அவருடைய இரவையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். நமக்காவது வேறொரு நாள் போகலாம் என்ற தேர்வு இருக்கிறது. சம்பளத்துக்கு நிற்பவருக்கு அந்தத் தேர்வும் இல்லை.

கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊழியர்கள் முறை வைத்துத் தராவீஹுக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். கடைசிப் பத்தில் ஆளுக்கு இரண்டு இரவாவது முன்னதாக வீட்டுக்கு அனுப்புங்கள். ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருவது. அவனுக்காக ஒருவர் தொழப் போன நேரத்தால் அது குறைந்துவிடாது.

வீட்டு அலங்காரம் கூடுமா?

அண்மைக் காலத்தில் நம் வீடுகளிலும் பிறை, நட்சத்திர வடிவ விளக்குகள், பலூன்கள், 'ரமளான் முபாரக்' தோரணங்கள் என்று அலங்காரங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ரமளானை வரவேற்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டில் ஒரு விளக்கு மாட்டுவதைப் பாவம் என்று சொல்ல முடியாது. அதை வணக்கமாகவோ சுன்னத்தாகவோ நினைக்காமல், வீண்விரயம் இல்லாமல், பிறரைப் பார்த்துப் போட்டி போடாமல் இருந்தால் அது வழக்கம் சார்ந்த ஒரு விஷயம், அவ்வளவே.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, வீண்விரயம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்று சொல்லும் குர்ஆன், வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கடுமையாகக் கண்டிக்கிறது. தவணையிலும் வட்டிக் கடனிலும் பெருநாள் செலவு செய்வது இதைவிடப் பெரிய ஆபத்து. வட்டியில் வாங்கிய சட்டையோடு பெருநாள் தொழுகைக்கு நிற்கும் நிலை நமக்கு வேண்டாம். வளைகுடாவில் தனியாக இருந்து, அங்கேயே ஸஹரும் இஃப்தாரும் முடித்துப் பணம் அனுப்பும் தந்தையின் வியர்வை இது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இரண்டாவது, அலங்காரம் எதைக் குறிக்கிறது என்பது. ரமளானுக்கான விளக்கு வீட்டாரைத் தொழுகைக்கும் குர்ஆனுக்கும் அழைத்தால் நல்லது. 'பெருநாளுக்கு இன்னும் இத்தனை நாள்' என்று ரமளானை ஒவ்வொரு நாளாகக் கிழித்து எறிவதாக இருந்தால், நாம் பிள்ளைக்குக் கற்றுத் தருவது ரமளான் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதைத்தான். முன்னோர் ரமளான் பிரிகிறதே என்று அழுதார்கள். நாம் பிரிவு நாளை எண்ணிக் கொண்டாடப் பழக்குகிறோம்.

பிள்ளைகளும் காத்திருப்பும்

"பிள்ளைகள் கேட்கிறார்கள், என்ன செய்வது?" என்று பெற்றோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிள்ளை மனம் காத்திருக்காது. இதற்கும் நபித்தோழர்களிடம் அழகான ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆஷூரா நோன்பு நாளில் தங்கள் சிறுபிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்து, உணவு கேட்டு அழும்போது கம்பளியால் செய்த பொம்மையைக் கையில் கொடுத்து, நோன்பு துறக்கும் நேரம்வரை சமாளித்ததாக ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கிறார்கள். பொம்மை இருந்தது, குதூகலமும் இருந்தது. ஆனால் அது காத்திருக்க உதவியது. காத்திருப்பைக் குலைக்கவில்லை.

நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் உண்டு; ஒன்று நோன்பு துறக்கும்போது, மற்றொன்று தன் இறைவனைச் சந்திக்கும்போது என்பது நாம் அறிந்த நபிமொழி. மஃரிப் நேரத்து ஒரு வாய்த் தண்ணீர் இனிப்பது ஏன்? பகல் முழுதும் அதற்காகக் காத்திருந்ததால். பெருநாளும் அப்படித்தான் இனிக்க வேண்டும். பத்து நாட்களுக்கு முன்பே புதுச்சட்டையைப் போட்டுப் பார்த்து, படம் எடுத்து, ஸ்டேட்டஸில் வைத்து, உறவினர் எல்லாரும் பார்த்துப் பாராட்டிய பின், பெருநாள் காலையில் அந்தப் பிள்ளைக்குப் புதிதாக என்ன மிச்சம் இருக்கிறது? அதனால்தான் பல வீடுகளில் பெருநாள் தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் எல்லாரும் உறங்கிவிடுகிறோம். முன்னால் தொடங்கிய கொண்டாட்டம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. உறவினரைச் சந்திக்க, நோயாளியை விசாரிக்க, மனக்கசப்பு உள்ளவரிடம் ஸலாம் சொல்ல என்று வைத்திருந்த நாள் களைப்பில் போகிறது.

தயாராவது வேறு, கொண்டாடுவது வேறு

அப்படியானால் எப்போதுதான் வாங்குவது? ரமளானுக்கு முன்பே வாங்கிவிடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. "சீக்கிரம் தொடங்குவதைக் குறை சொல்லிவிட்டு, இன்னும் சீக்கிரம் வாங்கச் சொல்கிறீர்களே!" என்று தோன்றலாம். தயாராவதும் கொண்டாடுவதும் ஒன்றல்ல. ஷஅபானில் துணி எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுவது தயாரிப்பு. அந்தத் துணிக்காக ரமளானின் இரவுகளைக் கொடுப்பதுதான் இழப்பு. வாங்குவதை முன்கூட்டி முடித்தால், கொண்டாட்டம் அதற்குரிய நாளுக்காகப் பத்திரமாக இருக்கும்.

நடைமுறையில் சில வழிகள்:

1. ஷஅபான் மாதத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து பட்டியலும் தொகையும் முடிவு செய்யுங்கள். தைக்கக் கொடுக்க வேண்டியவற்றை அப்போதே கொடுத்துவிடுங்கள். டெய்லருக்கும் அது நிம்மதி.

2. விடுபட்டவை இருந்தால் ரமளானின் முதல் இருபது நாட்களில், பகலில் முடியுங்கள். தராவீஹ் நேரத்தைத் தொடாதீர்கள்.

3. 20ஆம் நாள் மஃரிபோடு கடைத்தெருவுக்கு விடைகொடுங்கள். அன்றிலிருந்து கடைசிப் பத்து தொடங்குகிறது. அதன் பிறகு ஏதும் வாங்க நேர்ந்தால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய் வரட்டும்.

4. புத்தாடையைப் பெருநாள் காலைவரை யார் கண்ணிலும் காட்டாமல் வையுங்கள். பிள்ளைகளுக்கு அது தரும் ஆவலே பெருநாளின் பாதி இன்பம்.

5. கடைசிப் பத்தில் வீட்டுப் பெண்களின் சமையல் சுமையைக் குறையுங்கள். இஃப்தாருக்குப் பத்து வகை வேண்டாம். பலகாரம் குறைந்தாலும் பெருநாள் பெருநாள்தான். அந்த நேரத்தில் அவர்கள் தொழுகைப் பாயில் அமரட்டும்.

6. பிறை தென்பட்ட இரவைத் தக்பீரால் நிரப்புங்கள். நோன்பு நாட்களை முழுமையாக்கி அல்லாஹ்வைப் பெருமைப்படுத்தும்படி குர்ஆன் சொல்வது இந்த நேரத்தைத்தான். பெருநாள் உண்மையில் தொடங்குவது அந்த மஃரிபில். அந்த நேரத்தில்தான் நம்மில் பலர் கடைத்தெருவின் நெரிசலில் நிற்கிறோம்.

முந்த வேண்டிய ஒன்று

பெருநாள் காரியங்களில் முந்திக்கொள்ள மார்க்கமே இடமளித்த ஒன்று இருக்கிறது. அது ஸதகத்துல் ஃபித்ர். மக்கள் பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபியவர்களின் கட்டளை. பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்பே நபித்தோழர்கள் அதைக் கொடுத்துவந்ததாக இப்னு உமர் (ரலி) வழியாக அறிகிறோம். ரமளானின் தொடக்கத்திலிருந்தே கொடுக்கலாம் என்று சொல்லும் சட்ட அறிஞர்களும் உண்டு. நோன்பாளியின் குறைகளைத் தூய்மைப்படுத்தவும் ஏழைகளுக்கு உணவாகவும் அது கடமையாக்கப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்குகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். நோன்பை முந்தக் கூடாது. குர்பானியை முந்தக் கூடாது. ஆனால் ஏழையின் பங்கு முந்தலாம். ஏனென்றால் நமக்குப் பெருநாள் பிறையோடு வந்தால் போதும். இல்லாதவருக்கோ அரிசி முந்தைய நாளே வீட்டுக்கு வந்தால்தான் மறுநாள் அடுப்பு எரியும். நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். துணி பத்து நாள் முன்னால் வருகிறது. ஃபித்ரா பெருநாள் காலை தொழுகைக்கு ஓடும் அவசரத்தில் நினைவுக்கு வருகிறது. வருகிற ரமளானில் இந்த வரிசையை மாற்றுவோம். உங்கள் ஜமாஅத் அறிவிக்கும் அளவை ஓரிரு நாள் முன்பே சேர்த்துவிடுங்கள். தெருவில் ஒரு விதவைத் தாயின் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், அதையும் ஷஅபானிலேயே எடுத்துவிடுங்கள். 29ஆம் நாள் இரவு மிஞ்சிய அளவில் கிடைப்பதாக அது இருக்க வேண்டாம்.

கடைத்தெரு அடுத்த வருடமும் முந்தும். விளம்பரம் இன்னும் முந்தும். அதை நம்மால் நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் நம் வீட்டுக்குள் பெருநாள் எப்போது வர வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம்தான். அடுத்த ரமளானின் 21ஆம் இரவு நம் குடும்பம் எங்கே இருக்கும் என்பதை ஷஅபானிலேயே பேசி முடிவெடுத்துவிடுவோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ரமளானை முழுமையாக அடைந்து, லைலத்துல் கத்ர் இரவைப் பெற்று, அதன் பிறகு பெருநாளின் மகிழ்ச்சியையும் நிறைவாக அனுபவிப்பவர்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.